வாதி தரப்புச் சான்றாவணம் ஏழு

அழிப்புப் பட்டியலில் நூற்றுப் பதினான்காவது கட்டு.
அசல் வழக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது,
மன்னார்குடி முன்சீப் கோர்ட்டு.
நாடாவை அவிழ்த்தேன்.
பாதி கரையான் தின்றது, பாதி தீர்ப்பு.
நடுவே ஒரு பிஸ்கட் டப்பா.
திறந்ததும் மூக்கில் ஏறியது
அழுகிய பலாவும் கற்பூரமும் கலந்த வாடை.

எனக்கு சினிமா தெரியாது.
ரெக்கார்டு ரூமில் தூசிக்குச் சம்பளம் வாங்குகிறவள்.
சுருளின் நுனியை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்:
அடிக்குப் பதினாறு கட்டம், நாற்பத்தொரு அடி.
ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நடிகை
மதகுக் கட்டையில் கைவைத்து,
கட்டத்துக்குக் கட்டம்
மயிரிழை மயிரிழையாய்ப் போய்க்கொண்டிருக்கிறாள்.

சாட்சி நான்கு. யோ. ஞானாபரணம், தரங்கம்பாடி,
வயது முப்பத்தெட்டு, கிறித்துவர்,
தொழில் படம் பிடித்தல்.
ஒன்பது ஊமைப்படம் எடுத்தேன்.
இப்போது எல்லாரும் பேசுகிற படம் கேட்கிறார்கள்.
ஒன்பதையும் வெள்ளிக்காக அலசிவிட்டார்கள்.
மிச்சத்தை வளையல்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார்.
(எந்தப் பெண்ணின் கையில்
எந்தக் காட்சி உடைந்ததோ,
அதை வக்கீல் கேட்கவில்லை.)

கேட்டது வேறு.
கேள்வி: நடிகை போய்விட்டாள் அல்லவா?
பதில்: போய்விட்டாள்.
கேள்வி: பிறகும் எதற்குக் கைப்பிடியைச் சுற்றினீர்?
பதில்: தண்ணீர் இன்னும் போகவில்லை.

அது அவர் வழக்கமாம்.
ஆள் நகர்ந்த பிறகு மனசுக்குள் பத்து எண்ணுவாராம்.
காலி ஊஞ்சலுக்குப் பத்து.
சாத்திய கதவுக்குப் பத்து.
எழுத்து அட்டை கிடையாது.
கொட்டகையில் நின்று கதை சொல்லும் ஆளுக்கு
எட்டணா கொடுத்து
வாயை மூடிக்கொள்ளச் சொல்வாராம்.
இருட்டில் ஜனங்கள் அவர்களாகவே பேசிக்கொள்வார்கள்.
'திரும்பி வருவா பாரு.'
'வரமாட்டா.'
'அதிருக்கட்டும், அந்த மாட்டை அவுத்துவிட்டது யாரு?'

அப்படியொரு பத்தில்தான்
ஓரணா கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்த
கருவேலங்குடிக் கடைமடைக்காரன் ஒருவன் எழுந்துவிட்டான்.
திரையில்
நடிகை விட்டுப்போன இடத்தில்
ஒரு கை.
மணிக்கட்டுவரை மட்டும், அதில் ஒரு கடுக்கன் மோதிரம்.
மதகுப் பலகை ஏறுகிறது.
அவன் வயலுக்கு வரவேண்டியது
இன்னொருவன் வரப்புக்குள்
வெள்ளையாய்ச் சாய்கிறது.

படம் எடுத்தவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லையாம்.
ஒளி நன்றாயிருந்தது,
அதனால் சுற்றினேன் என்றிருக்கிறார்.

தீர்ப்பு நீளம். சாரம் இதுதான்:
கைக்கு முகமில்லை.
ஒன்றுமில்லாததைப் படம் பிடிப்பது
சாட்சியின் பழக்கம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.
செலவுத்தொகையுடன் தள்ளுபடி.

தோற்ற வழக்குதான் அவரைக் காப்பாற்றியது.
எட்டுப் படம் வளையலாகிப் போச்சு,
ஒன்பதாவதில் நாற்பத்தொரு அடி
அரக்கு முத்திரையோடு என் மேசையில்.

நீடாமங்கலத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் சாகுல்
கட்டம் கட்டமாய் செல்போனில் பிடித்துக் கோர்த்தான்.
அடிக்கு ஒரு நொடி.
அனுப்பியதில் முப்பத்தொரு நொடிதான் இருந்தது.
'கடைசியில ஆளே இல்லக்கா, வெட்டிட்டேன்.'
ஒட்டு என்றேன்.
ஏன் என்று கேட்டான். சொல்லத் தெரியவில்லை.
ஒட்டினான்.

போன முகூர்த்தத்தில் அவனிடமிருந்து ஒரு துண்டு வந்தது:
பொண்ணை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது.
மண்டப வாசலில் ஒற்றைச் செருப்பு.
சீரியல் பல்பு அணைந்து அணைந்து எரிகிறது.
ஒருத்தர் வந்து,
கேமரா ஓடுவது தெரியாமல்
மொய்க் கவரை எண்ணி, மறுபடி எண்ணி,
முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.
'நிறுத்த மறந்துட்டேன்க்கா' என்றிருந்தான்.
பொய்.

நாளைக் காலை பட்டியல் போக வேண்டும்.
எரிக்க வேண்டிய கட்டு எல்லாம் மூட்டையாகிவிட்டது.
நூற்றுப் பதினாலுக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில்,
மேல்முறையீடு நிலுவை என்று எழுதியிருக்கிறேன்.
கருவேலங்குடிக்கு இந்த வருஷமும்
முறைத் தண்ணீர் எட்டவில்லை.
எந்த மேல்முறையீடு என்று சிரஸ்தார் கேட்டால்
என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.